தேயும் உலோகமும் தேயாத் துகளும்

கோப்பாயின் செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் கிணற்று நீரை நம்பியே விளைகின்றன. முன்னாளில் துலா மிதித்து இறைத்த நீரைப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடும் சிறு இயந்திரங்கள் இறைக்கலாயின. அவ்வியந்திரத்தின் உருளைக்குள் நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை மேலுங் கீழும் ஓடுவது முசலம். பிஸ்டன் என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும். அது அலுமினியக் கலப்புலோகத்தால் வார்க்கப்பட்டது.

இரும்பை விடுத்து அலுமினியத்தை நாடியது ஏன்? ஒரு கன சென்ரிமீற்றர் இரும்பின் நிறை ஏறக்குறைய 7.8 கிராம், அலுமினியத்தினதோ 2.7 கிராம். கணந்தோறும் திசை மாறும் பொருள் இலேசாக இருத்தல் வேண்டுமன்றோ? வெப்பத்தையும் அது விரைவிற் கடத்தும். ஆயின் அலுமினியம் மென்மையானது. எண்ணெய்ப் படலம் அறுந்தால் எதிரேயுள்ள உலோகத்தோடு ஒட்டிப் பிடித்துப் பிய்ந்து வரும். காற்றோடு உட்புகும் மண்தூசியிலுள்ள மணற்றுகள் அதனை உழுதுவிடும். இடைவெளி அகலும், வாயு கசியும், எரிபொருள் வீணாகும். 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் அரிதாயிருந்தபோது, இத்தேய்மானம் பயிரின் உயிரையே தொட்டது.

இதற்கு மாற்றாக அறிஞர் கண்டதே துகள் கலந்த அலுமினியம். உருகிய உலோகத்தைச் சுழற்றிக் கலக்கியவாறே சிலிக்கன் காபைட்டு அல்லது அலுமினா என்னும் கடினமான துகள்களை அதில் தூவி வார்ப்பர். சீமெந்துச் சாந்துக்குள் கருங்கற் சல்லி நின்று பாரத்தைத் தாங்குவதுபோலத் துகள்கள் சுமையை ஏற்கும். அலுமினியம் அவற்றைப் பற்றி நிற்கும். சாதாரண உலோகத்தில் சுமை ஓர் எல்லையைத் தாண்டியதும் தேய்மானம் திடீரெனப் பெருகும். துகள்கள் அவ்வெல்லையை மேலே தள்ளிவைக்கின்றன. 1996இல் வெளிவந்த லோட்டஸ் எலிஸ் என்னும் ஆங்கிலக் காரின் தடுப்புத் தட்டுகள் இவ்வகைப் பொருளாலானவை.

இங்கே அம்மியை நினைத்துக்கொள்ளலாம். புதிதாகக் கொத்திய அம்மி மிளகாயை மட்டுமா அரைக்கிறது? குழவியையும் சிறிது அரைக்கிறது. அதுபோலக் கடினத் துகள் நிறைந்த முசலம் தான் தேயாமல் எதிரேயுள்ள உருளையைத் தேய்க்கக்கூடும். பிடிப்புத் தளர்ந்து கழன்ற துகளோ இரண்டுக்கும் நடுவே மணலாகிவிடும். எந்த மணலுக்கு அஞ்சினோமோ அதனை நாமே உள்ளே வைத்ததாக முடியும். ஆகவே ஒரு பொருள் எவ்வளவு தேயும் என்று தனியே கேட்பது பாதிக் கேள்வியே. ஆய்வுகூடத்திலும் ஒரு சிறு முளையைச் சுழலும் தட்டின்மேல் அழுத்தித் தேயவிட்டு, முளையின் இழப்போடு தட்டின் இழப்பையும் நிறுத்துப் பார்த்தல் நன்று.

மற்றொரு வழி கடினத்தை நாடாதது. பென்சில்களில் அமையும் காரீயத்தைத் துகளாக்கி அலுமினியத்திற் கலப்பது அது. உராயும்போது காரீயம் மெல்லிய படலமாகப் பரவி, எண்ணெய் குறைந்த வேளையிலும் வழுக்கலைத் தரும். 1970களில் பெங்களூரிலும் திருவனந்தபுரத்திலும் பிரதீப் ரோகத்கியும் அவரோடிருந்த ஆய்வாளர்களும் இத்துறையில் முன்னின்று உழைத்தனர். உருகிய அலுமினியம் காரீயத்தின்மேல் இலகுவில் ஒட்டாது. தாமரை இலையில் நீர் நிற்பதுபோலத் திரண்டு விலகும். துகளுக்கு நிக்கற் பூச்சிட்டும், உலோகத்தில் மகனீசியம் சேர்த்தும் இத்தடையைக் கடந்தனர். அளவு மிஞ்சினால் வார்ப்பு வலுவிழக்கும். தூய காரீயத்திற்குப் பெயர்பெற்ற போகலையும் கஹட்டகஹவும் நம் நாட்டுச் சுரங்கங்களே.

கோப்பாய்த் தோட்டத்திற்கு எது பொருந்தும்? சிலிக்கன் காபைட்டு கலந்த வார்ப்பைக் கடைய வைர முனைக் கருவி வேண்டும். சாதாரண உளி சிறிது நேரத்தில் மழுங்கிவிடும். ஊர்ப் பட்டறையின் கடைசற் பொறியில் திருத்த முடியாத பாகம், பழுதான அன்றே கிணற்றையும் மூடிவிடும். காரீயங் கலந்த வார்ப்போ கருவிக்கு இணங்கி எளிதிற் கடையப்படும்.