பூநாரைக்கு வண்ணம் பூசிய கைகள்

அமெரிக்கப் பூநாரை நிமிர்ந்து நின்றால் நாலரை அடி இருக்கும். அதை வரையப் பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபானிடம் இருந்த தாளோ மூன்றேகால் அடி உயரம்தான். ஒவ்வொரு பறவையையும் அசல் அளவிலேயே காட்டுவதாகச் சந்தாதாரர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டதால், சுருக்கி வரையவும் வழியில்லை. கழுத்தை வளைத்துத் தலையைக் கால் பக்கம் தாழ்த்திவிட்டார். கோடியக்கரையில் பூநாரை இரை தேடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குனிவு புதிதாகத் தெரியாது. தாள் போதாமல் பிறந்த அழகு அது.

1838-ல் லண்டனில் வெளியான அந்தப் படம், 'பேர்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா' தொகுதியில் 431-வது தாள். ஆடுபான் வரைந்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். வரைந்தவர் அவர்தான். ஆனால் சந்தாதாரர் கைக்குப் போன தாள்களில் இருக்கும் சிவப்பு, அவர் தூரிகையிலிருந்து வந்ததல்ல.

செம்பிலிருந்து தாளுக்கு

ஆடுபானின் மூல ஓவியம் முதலில் செதுக்குநரிடம் போகும். லண்டனில் அந்தப் பொறுப்பு ராபர்ட் ஹாவெல் என்பவருடையது. கோடுகளைச் செப்புத் தகட்டில் வெட்டிய பிறகு, நிழல் விழும் இடங்களில் பிசின் தூளைத் தூவிச் சூடுகாட்டி ஒட்டவைத்து, அமிலத்தில் அரிக்கவிடுவார்கள். பிசின் துகள் மறைக்காத இடத்தை மட்டும் அமிலம் தின்னும். தகட்டில் விழும் அந்த நுண்ணிய குழிகளில் மை தங்கி, அச்சில் சாம்பல் நிழலாக இறங்கும். அக்வாடின்ட் என்று பெயர்.

அச்சாகி வருவது கறுப்பு வெள்ளைப் படம்தான். அதற்குப் பிறகே தூரிகைக்கு வேலை. மாதிரித் தாளை முன்னால் வைத்துக்கொண்டு, பட்டறையில் வரிசையாக உட்கார்ந்து பூசுவார்கள். ஒருவர் ஒரு நிறத்தை முடித்ததும் தாள் அடுத்தவருக்கு நகரும். வேலை மும்முரமான நாட்களில் சுமார் ஐம்பது பேர் இருந்ததாகச் சொல்வார்கள். பெண்களும் அவர்களில் உண்டு.

நீர்வண்ணத்தில் தவறுக்கு மன்னிப்புக் குறைவு. பூநாரையின் மார்பு போன்ற பெரிய பரப்பில் ஓரத்து ஈரம் காய்வதற்குள் தூரிகை மறுபக்கம் போய்ச் சேர வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் நடுவில் வரம்பு கட்டியதுபோல் ஒரு கோடு நின்றுவிடும். அவசரப்பட்டு ஈரத்தின்மேல் அடுத்த பூச்சை இட்டால் இறகு விளிம்பு கரைந்து ஓடும். இதை ஒரு தாளில் சரியாகச் செய்வது திறமை. நூற்றைம்பதாவது தாளிலும் முதல் தாளைப் போலவே செய்வதுதான் தொழில்.

கணக்குப் போட்டால் மலைப்பு வரும். தவணைக்கு ஐந்து படங்களாக, 87 தவணைகளில் 435 படங்கள். தவணைக்கு விலை இரண்டு கினி. உருவான முழுத் தொகுதிகள் 200-க்கும் குறைவு. 180 என்று வைத்துக்கொண்டாலும் 78,300 தாள்கள்! அத்தனையும் கையால் பூசியவை.

வேலைநிறுத்தம் செய்த தூரிகைகள்

ஹாவெலிடம் இந்த வேலை வந்ததே ஒரு வேலைநிறுத்தத்தால்தான். முதல் பத்துத் தகடுகளைச் செதுக்கியவர் எடின்பரோவின் வில்லியம் லிசார்ஸ். 1827-ல் அவரிடமிருந்த வண்ணக்காரர்கள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்கள். தொடங்கிய வேகத்திலேயே திட்டம் நின்றுவிடும் நிலை. ஆடுபான் லண்டனில் ஆள் தேடி ஹாவெலைப் பிடித்தார். அங்கும் தலைவலி தீரவில்லை. நிறம் சரியில்லை என்று சந்தாதாரர்கள் குறைசொல்ல, ஆடுபான் ஹாவெலுக்குக் கண்டிப்பாகக் கடிதம் எழுதியதுண்டு. ஒரே படத்தின் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்தால் இன்றும் வேறுபாடு தெரியும். ஒன்றில் செம்மை தூக்கலாக இருக்கும், இன்னொன்றில் வெளிறியிருக்கும். ஆளுக்கு ஆள் கை மாறுமல்லவா?

ஆடுபானின் மூல நீர்வண்ணங்கள் நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தில் பத்திரமாக இருக்கின்றன. செப்புத் தகடுகளில் பெரும்பாலானவை பழைய உலோகமாக உருக்கப்பட்டுவிட்டன. கனெக்டிகட்டில் ஓர் உலோக ஆலையில் மேலாளரின் மகன், பதினான்கு வயதுப் பையன், உலைக்குப் போகவிருந்த தகடுகளில் பறவை தெரிவதைக் கண்டு பிடிவாதம் பிடித்ததில் சில பிழைத்தன. 1980-களில் அப்படி எஞ்சிய ஆறு தகடுகளை மீண்டும் அச்சேற்றினார்கள்.

வண்ணக்காரர்களுக்கு மிஞ்சியது தாளின் அடியில் உள்ள ஒரு வரி. செதுக்கி, அச்சிட்டு, வண்ணமிட்டவர் ஆர். ஹாவெல் என்பது அதன் பொருள். மூன்று வேலைக்கும் ஒரே பெயர். ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதியவர்கள் கடைசி ஏட்டில் தங்கள் பெயரையும் முடித்த நாளையும் குறித்துவைத்த வழக்கம் நம்மிடம் உண்டு. ஹாவெல் பட்டறையில் பூசியவர்களுக்கு அந்தக் கடைசி ஏடும் வாய்க்கவில்லை. 2010-ல் ஒரு முழுத் தொகுதி லண்டன் ஏலத்தில் 73 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது.

208-வது தாள்

பூநாரையைவிட என்னை அதிகம் நிறுத்திவைப்பது 208-வது தாள். வளைந்த அலகுள்ள எஸ்கிமோ கர்லூ என்னும் கரைப்பறவை. நம் கடற்கரைக்கு வலசை வரும் விம்பிரலுக்குச் சொந்தக்காரப் பறவை, உருவில் சிறியது. 1833-ல் லாப்ரடாரில் அவை கூட்டம் கூட்டமாக வந்ததைக் கண்டபோது ஆடுபானுக்கு வானை மறைக்கும் பயணிப் புறாக்கள் நினைவுக்கு வந்தன. கொழுத்த பறவை என்பதால் சந்தைக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். அவை தங்கிச் சென்ற புல்வெளிகள் வயல்களாயின. உறுதியான கடைசிப் பதிவு 1963-ல், பார்படாஸ் தீவில் சுடப்பட்ட ஒரு பறவை.

அந்தத் தாளில் இரண்டு பறவைகள். ஒன்று நிற்கிறது, மற்றது செத்துக் கிடக்கிறது. லண்டனில் பூசியவர் அந்த இனத்தை உயிரோடு பார்த்திருக்க வாய்ப்பில்லை. மாதிரித் தாள் மட்டும்தான் அவர் முன்னால் இருந்திருக்கும். நிற்பதற்கும் கிடப்பதற்கும் அதே பழுப்பைத்தான் தோய்த்துப் பூசியிருக்கிறார்.