சிறு பலகைகளில் ஒரு பெரும் பெட்டகம்

திருச்சிப் பாலக்கரையில் சகாயமாதா பசிலிக்காவை அடுத்த தெருக்களில் நிழற்பட நிலையமோ அச்சகமோ நடத்தும் ஒருவர், பல்லாண்டுக் காலத் திருமணப் படங்களையும் விழா மலர்களையும் கணினிக் கோப்புகளாக்கிவிட்ட பிறகும் அவரை விடாத கவலை ஒன்று உண்டு: அவை யாவும் அடங்கிய அந்த ஒற்றை ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டால் என் செய்வது? ஒரே கோப்பின் பிரதிகளைப் பல கணினிகளில் வைத்து, அனைத்தையும் ஒரே பெட்டகமாகக் காட்டுவதே பெரிய ஸ்தாபனங்கள் கண்ட பரிகாரம். அதனைச் சாமானியருக்கும் எட்டச் செய்திருப்பவை, உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைப் பலகைக் கணினிகள்.

இத்தகைய பெட்டகத்தை ஆளும் மென்பொருள்களுள் ‘க்ளஸ்டர் எஃப்.எஸ்.’ தமிழரோடு உறவுடையது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி 2005-இல் தொடங்கிய நிறுவனத்தில் உருவான அதனை, 2011-இல் ரெட் ஹாட் நிறுவனம் வாங்கிற்று. அதன் வணிக ஆதரவு 2024 இறுதியோடு முடிந்தாலும், திறமூல மென்பொருளாக அது எவருக்கும் கிடைக்கிறது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதைக் குறித்து வைக்கத் தனியொரு கணினி அதற்கு வேண்டுவதில்லை. கோப்பின் பெயரைக் கொண்டே அதன் இருப்பிடத்தைக் கணக்கிட்டுவிடுகிறது. ஆதலால் சிறிய நினைவகமே அதற்குப் போதும். ‘செஃப்’ என்னும் மற்றொரு மென்பொருளோ, இயல்பான அமைப்பில், டிஸ்க் ஒன்றுக்கு ஏறத்தாழ 4 ஜி.பி. நினைவகத்தை எதிர்பார்க்கிறது.

பலகையைத் தெரிந்தெடுக்கையில் செயலியின் வேகத்தைக் கண்டு மயங்குவோர் பலர். கவனிக்க வேண்டியதோ, டிஸ்கிலிருந்து வலைப்பின்னலுக்குச் செல்லும் பாதையின் அகலமேயாம். 2018-இல் வந்த ராஸ்பெர்ரி பை 3 பி பிளஸ், கிகாபிட் வலைப்பின்னல் உடையதாயினும், அதுவும் டிஸ்கும் ஒரே யூ.எஸ்.பி. 2 பாதையைப் பங்கிட்டுக்கொள்வதால், விநாடிக்கு 300 மெகாபிட் அளவிலேயே தேங்கிவிடும். 2019-இல் வந்த பை 4-இல் இரண்டுக்கும் தனித்தனிப் பாதைகள் வாய்த்தன. கொரியாவின் ஹார்ட்கெர்னல் நிறுவனம் செய்த ஓட்ராய்டு ஹெச்.சி. 2, டிஸ்கை நேரே பொருத்தும் இருக்கையும், வெப்பத்தை வெளியேற்றும் உலோக உடலும் கொண்டு, இப்பணிக்கென்றே அமைந்தது.

அடுத்து மின்சாரம். பை 4-இன் நான்கு யூ.எஸ்.பி. துளைகளும் சேர்ந்து தரவல்லது 1.2 ஆம்பியரே, அதில் இரண்டு சிறு டிஸ்குகளைச் செருகினால், அவை சுழலத் தொடங்கும் கணத்தில் மின்னழுத்தம் தாழ்ந்து, டிஸ்க் மறைந்து மறைந்து தோன்றும். ஆகவே டிஸ்குக்குத் தனி மின்வழங்கி அவசியம். பலகைக்கு 5 வாட், பெரிய டிஸ்குக்கு 7 வாட் எனக் கொண்டால், பலகையும் டிஸ்குமாக மூன்று ஜோடிகளும், அவற்றை இணைக்கும் ஸ்விட்சும் சேர்ந்து 40 வாட் அளவே கொள்ளும். பழைய கூரை மின்விசிறி ஒன்று உண்பதில் ஏறத்தாழப் பாதி. நாளொன்றுக்கு ஒரு யூனிட். மின்தடை வந்தாலும் வீட்டு இன்வெர்ட்டர் இரவு முழுதும் தாங்கும். ஆயினும், அக்கினி நட்சத்திரத்தில் 40 பாகையைத் தாண்டும் திருச்சி உஷ்ணத்தில், சிறிய விசிறி ஒன்றேனும் இல்லாவிடில், 80 பாகையைத் தொட்டதும் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பலகைகள் ஏன் மூன்று? இரண்டே இருந்து அவற்றிடையே தொடர்பு அறுந்தால், ஒவ்வொன்றும் தன்னிடமுள்ளதே மெய்யான பிரதி என்று கொண்டு வெவ்வேறு மாற்றங்களை ஏற்கும். பிறகு அவற்றை இணக்குவது அரிது. மூன்றாவது இருப்பின் பெரும்பான்மையின்படி வழக்குத் தீரும். கோப்புகளின் விவரங்களை மட்டும் வைத்திருக்கும் நடுவராக அது இருந்தால் போதுமாதலால், அங்கே பெரிய டிஸ்க் வேண்டுவதில்லை.

இவ்வளவும் டிஸ்க் பழுதிலிருந்து காக்குமேயன்றி, மனிதக் கைப்பிழையிலிருந்து காக்காது. ஒரு கோப்பை அழித்தால் எல்லாப் பிரதிகளும் அக்கணமே அழியும். தீயும் வெள்ளமும் மூன்று பலகைகளையும் ஒருங்கே கொள்ளலாம். ஆதலின் வாரம் ஒருமுறை தனி டிஸ்கில் எடுத்த நகலைக் காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கத்தில் உள்ள உறவினர் வீட்டில் வைப்பதும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து சரிபார்ப்பதும், பலகை வாங்கும் செலவோடு சேர்த்தே திட்டமிடத் தக்க கடமைகளாகும்.