லண்டன் டூ நியூயார்க் பிசினஸ் கிளாஸ்: டப்ளினில் இருந்து கிளம்பினால் விலை குறைவது ஏன்?

லண்டனில் இருந்து நியூயார்க்குக்கு பிசினஸ் கிளாஸ் டிக்கெட் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் அதே விமானம், அதே இருக்கைக்கு, பயணத்தை அயர்லாந்தின் டப்ளினில் தொடங்குவதாக புக் செய்தால் பல நேரங்களில் விலை சட்டென இறங்கிவிடும். இத்தனைக்கும் டப்ளினில் ஏறி, லண்டன் வந்து, விமானம் மாறித்தான் போக வேண்டும். கூடுதல் பயணத்துக்கு குறைந்த விலையா? ஆமாம், அதுதான் விஷயமே.

காரணம் என்ன?

டிக்கெட் விலையை தூரம் மட்டும் முடிவு செய்வதில்லை. எந்த ஊர்க்காரர் எவ்வளவு கொடுப்பார் என்பதும் சேர்ந்துதான். லண்டனில் வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் நேரடி விமானத்துக்கு கேட்ட விலையைக் கொடுக்கும். டப்ளின்காரருக்கோ நியூயார்க்குக்கு நேரடி விமானமே இருக்கு. அவரை லண்டன் வழியாக சுற்ற வைக்க விலையைக் குறைத்தாக வேண்டும்.

அடுத்து வரி. பிரிட்டனில் இருந்து நியூயார்க் கிளம்பும் பிசினஸ் கிளாஸ் பயணிக்கு விமானப் பயணி வரியே 200 பவுண்டுக்கு மேல். அயர்லாந்து தனது விமானப் பயண வரியை 2014லேயே நீக்கிவிட்டது. டப்ளினில் தொடங்கி, ஒரே டிக்கெட்டில் 24 மணி நேரத்துக்குள் லண்டனில் விமானம் மாறுபவருக்கு பிரிட்டன் வரியும் கிடையாது.

எங்கே சிக்கல்?

'டப்ளின் வரைக்கும் எதுக்கு போகணும், லண்டன்லயே ஏறிக்கலாம்' என்று நினைத்தால் போச்சு! முதல் விமானத்தில் ஏறாவிட்டால், திரும்பி வரும் பயணம் உட்பட மொத்த டிக்கெட்டும் ரத்தாகிவிடும்.

டப்ளினுக்குப் போவது தனி டிக்கெட். அது தாமதமாகி அடுத்த விமானத்தை விட்டால், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். முந்தைய நாளே போய்த் தங்குவது நல்லது. ஹோட்டல் செலவு, திரும்பும்போது டப்ளின் - லண்டன் டிக்கெட் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். 100, 200 பவுண்டுதான் மிச்சம் என்றால் இந்த அலைச்சல் வேண்டவே வேண்டாம்.

லண்டனில் வேலை பார்க்கும் நம்ம ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்கணும்: இந்திய பாஸ்போர்ட் என்றால் அயர்லாந்துக்குள் நுழைய விசா தேவை. பிரிட்டன் வேலை விசா மட்டும் போதாது.

வேறு வழி?

நிறுவன ஊழியர்கள் அதிகம் பறக்காத ஆகஸ்ட், கிறிஸ்துமஸ் நாட்களில் பிசினஸ் கிளாஸ் விலை இறங்குவதுண்டு. பாரிஸின் ஓர்லியில் இருந்து நியூயார்க் பக்கத்து நெவார்க்குக்கு, முழுக்க பிசினஸ் கிளாஸ் இருக்கைகளுடன் 'லா கம்பெனி' விமானங்கள் பறக்கின்றன. அதன் விலையையும் ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு புக் செய்யுங்கள்.