கேன்சர் கட்டிக்குச் சோறு போடும் பக்கத்து வீட்டு செல்கள்!
உள்ளங்காலில் கறுப்புப் புள்ளியா? உஷார்!

கோட்டூர்புரம்:

கையில் எக்ஸ்ரே கவர், தோளில் துணிப்பை. "கேன்சர் ஆஸ்பத்திரிக்கு எங்கே இறங்கணும்?" கோட்டூர்புரம் வழியாகப் போகும் பஸ்களில் பழகிப்போன கேள்வி இது. பக்கத்தில் அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது.

கேன்சர் வைத்தியம் என்றால் கத்தி, கதிர், மருந்து. மூன்றும் கட்டியைத்தான் குறிவைக்கும். ஆனால் திருடனைப் பிடித்துவிட்டு, அவனை ஒளித்து வைத்து சோறு போட்டவனை விட்டுவிட்டால்? தோல் கேன்சரில் இதுதான் நடக்கிறது!

கூட்டாளி யார்?

பெயர் பைப்ரோபிளாஸ்ட். காயம் பட்டால் தோலை ஒட்டவைக்கும் நல்ல செல்தான். கேன்சர் கட்டி இதை வளைத்துப் போடுகிறது. அதன்பிறகு கட்டியைச் சுற்றி வேலி போடுவதும், வளரத் தீனி கொடுப்பதும் இதன் வேலை.

மெலனோமா என்ற கொடிய தோல் கேன்சருக்கு 2011-ல் அமெரிக்காவில் வெமுராபெனிப் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. கட்டி மளமளவென்று கரைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பலருக்கு ஆறேழு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது! ஏன் என்று துருவியபோது 2012-ல் ஒரு துப்பு கிடைத்தது. பக்கத்து செல்கள் ஒரு வளர்ச்சிப் புரதத்தைச் சுரந்து, மருந்து அடித்தும் கட்டியைச் சாகவிடாமல் காப்பாற்றியிருக்கின்றன.

விதை எங்கே பறந்தாலும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று லண்டன் டாக்டர் ஸ்டீபன் பேஜெட் 1889-லேயே சொன்னார். அந்த மண்ணைத்தான் இப்போது தோண்டுகிறார்கள்.

அப்படியானால் கூட்டாளிகளை ஒரேயடியாகத் தீர்த்துக்கட்டலாமே? அங்கேதான் சிக்கல். 2014-ல் கணையக் கேன்சர் வந்த எலிகளில் இந்த செல்களை அழித்தார்கள். கட்டி இன்னும் மோசமானது! கூட்டத்தில் சிலர் கட்டிக்குக் காவல் போடுபவர்களாம். எனவே ஆளைக் கொல்லாமல், கட்டிக்குப் போகும் தீனியை மட்டும் நிறுத்தும் மருந்தைத் தேடுகிறார்கள். மெலனோமாவுக்கு அப்படி ஒரு மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை.

செருப்புக்கடி அல்ல

நம் ஊரில் மெலனோமா அபூர்வம். வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் ஒளிந்திருக்கும். ஆணி, செருப்புக்கடி என்று நினைத்து பிளேடால் சீவிக்கொண்டு நாளைக் கடத்துகிறவர்கள் உண்டு. கறுப்புப் புள்ளி பெரிதானாலோ, நிறம் மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். ஆரம்பத்திலேயே வந்தால் பெரும்பாலும் ஒரு ஆபரேஷனோடு போய்விடும்.