ஒரு நூல் விலகினால் பெல்ட் நிற்காது!

கிருஷ்ணகிரி ரோட்டில், சூளகிரிக்குச் சற்று முன்னால், ஒரு பழைய அம்பாசிடர் கார் ஓரமாக நிற்கிறது. பானெட் திறந்திருக்கிறது. ரேடியேட்டரில் இருந்து ஆவி பறக்கிறது. டிரைவர் கையில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம். பேன் பெல்ட்!

பின் சீட்டில் காரின் சொந்தக்காரர். வயதானவர். மல்லேசுவரத்தில் வீடு. அவருக்குக் கோபம்.

"இரண்டு மாதத்தில் இது மூன்றாவது பெல்ட். ஒழுங்காக மாட்டத் தெரியாதா உனக்கு? இனிமேல் பெல்ட் காசை உன் சம்பளத்தில்தான் பிடிப்பேன்" என்றார்.

டிரைவர் பதில் பேசவில்லை. தருமபுரிப் பக்கத்துக்காரர். பெங்களூருக்கு வந்து 20 வருடம் ஆகிறது. ஸ்ரீராமபுரத்தில் ஒண்டுக் குடித்தனம். இரண்டு பிள்ளைகள் படிக்கின்றன. பெல்ட் காசு போனால் போகட்டும், வேலையே போய்விட்டால்?

இது நமக்குத் தெரிந்த ஒருவருக்கு நடந்தது. பழைய கார் ஓட்டுகிற பலருக்கும் நடப்பதுதான். அதனால் அந்த பெல்ட் ஏன் கழன்றது, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை விவரமாகச் சொல்கிறோம்.

ஒரு பெல்ட், மூன்று வேலை

அம்பாசிடர் கார் 1957-ம் ஆண்டு வெளிவந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பார்த்து, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் செய்தார்கள். 2014-ம் ஆண்டு உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் பெங்களூரில் ஆசையாக வைத்துப் பராமரிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகத் தனியே பதிவு செய்துகொள்ள 2021-ம் ஆண்டில் மத்திய அரசு விதியும் கொண்டு வந்தது. ஆகவே பழைய வண்டியைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளுக்கு இன்றும் வேலை இருக்கிறது.

இந்த மாதிரிப் பழைய கார்களில் என்ஜினுக்கு முன்னால் ஒரே ஒரு பெல்ட்தான் ஓடும். கீழே கிராங்க் புல்லி. மேலே வாட்டர் பம்ப் புல்லி. அதோடு சேர்ந்தே பேன் சுற்றும். பக்கவாட்டில் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் புல்லி. மூன்றையும் ஒரே பெல்ட் இழுக்கிறது.

பெல்ட் கழன்றால் பேட்டரி சார்ஜ் மட்டும்தான் நிற்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. தண்ணீர் ஓட்டமும் நிற்கும். பேனும் நிற்கும். சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிவதைப் பார்த்தும், "பக்கத்து ஊர் வரை போய்விடலாம்" என்று ஓட்டினால் என்ஜின் கொதித்துவிடும். ஹெட் கேஸ்கெட் போகும், ஹெட்டே வளைந்துவிடும். ஒரு பெல்ட்டின் விலை எங்கே, ஹெட் வேலையின் கூலி எங்கே!

ஓடும்போது சார்ஜ் விளக்கு எரிந்தால் உடனே ஓரம் கட்ட வேண்டும். என்ஜின் ஆறும் வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக்கூடாது.

இழுத்துக் கட்டினால் தீருமா?

நமது டிரைவர் மூன்று பட்டறைக்குப் போனார். மூன்று பேரும் ஒரே வைத்தியம் செய்தார்கள். புது பெல்ட் போட்டார்கள். கடப்பாரையால் நெம்பி, முன்னைவிட இறுக்கமாகக் கட்டினார்கள். சில நாள் ஓடியது. பிறகு மறுபடியும் கழன்றது. போதாக்குறைக்கு வாட்டர் பம்பில் இருந்து கர்கர் என்று சத்தம் வேறு வர ஆரம்பித்தது. அளவுக்கு மீறி இறுக்கினால் பாரம் முழுவதும் பம்ப் பேரிங்கிலும் ஆல்டர்னேட்டர் பேரிங்கிலும் விழும். அவை தேய்ந்துபோகும்.

கடைசியில் வில்சன் கார்டனில் ஒரு பெரியவரிடம் போனார். நாற்பது வருடமாக அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்ட் என்று பழைய வண்டிகளையே பார்த்து வருகிறவர். பூர்வீகம் வேலூர்.

"அண்ணா, பெல்ட் நிற்க மாட்டேன் என்கிறது. வேலையே போய்விடும் போல இருக்கிறது" என்றார் டிரைவர்.

பெரியவர் பானெட்டைத் திறக்கவில்லை. "கழன்ற பெல்ட் எங்கே தம்பி?" என்று கேட்டார்.

நல்ல வேளையாக அது டிக்கியில் கிடந்தது. அதைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கச் சரிவு மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. அந்த ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. மறு பக்கம் புதுசு போலவே இருந்தது.

"பெல்ட்மேல் குற்றம் இல்லை தம்பி. உன்மேலும் குற்றம் இல்லை. புல்லி ஒன்று வரிசையை விட்டு விலகி நிற்கிறது. அது பெல்ட்டை ஓரமாகத் தள்ளித் தள்ளி வெளியே துரத்துகிறது" என்றார்.

பெல்ட் சொல்லும் சாட்சி

கழன்ற பெல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். நடந்ததை அது சொல்லும்.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் புல்லிகள் ஒரே வரிசையில் இல்லை.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பளபளத்துக் கருகினால் பெல்ட் தளர்வாக இருந்து வழுக்கியிருக்கிறது. கிளம்பும்போது கீச்சென்று சத்தமும் வந்திருக்கும்.

அடிப்பக்கம் பளபளத்தால் பெல்ட் புல்லியின் பள்ளத்தில் அடிவரை இறங்கி உட்கார்ந்திருக்கிறது. இது 'வி' வடிவ பெல்ட். இரண்டு சரிவுகளாலும் ஆப்பு மாதிரி பிடித்துத்தான் இது புல்லியை இழுக்கும். அடியில் படவே கூடாது. ஒன்று, பள்ளம் தேய்ந்திருக்கும். அல்லது 13 மில்லிமீட்டர் அகல பெல்ட் போட வேண்டிய இடத்தில் 10 மில்லிமீட்டர் பெல்ட்டைப் போட்டிருப்பார்கள்.

தொட்டால் கொழகொழவென்று இருந்தால் எண்ணெய் பட்டிருக்கிறது. ஒழுக்கை அடைக்காமல் புது பெல்ட் போட்டுப் பயன் இல்லை.

பெல்ட் புரண்டுபோய் தலைகீழாக ஓடியிருந்தால், ஸ்குரூ டிரைவரால் நெம்பி மாட்டியிருக்கலாம். அப்படி நெம்பும்போது உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. ஓட்டத்தில் புரளும்.

டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது

அந்த அம்பாசிடரில் புல்லி எப்படி விலகியது? பெரியவர் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார். "டைனமோவை எப்போது மாற்றினீர்கள்?"

மூன்று மாதம் முன்புதான் மாற்றியிருந்தார்கள். காரணமும் நியாயமானதுதான். டைனமோ, என்ஜின் வேகமாக ஓடும்போதுதான் நன்றாகச் சார்ஜ் செய்யும். சில்க் போர்டு சந்திப்பில் நின்று நின்று போகிற கார், விளக்கையும் ஹாரனையும் வைப்பரையும் போட்டுக்கொண்டே நின்றால் டைனமோவால் ஈடு கொடுக்க முடியாது. பேட்டரி இறங்கிவிடும். ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றும்போதும் சார்ஜ் செய்யும். எனவே பழைய கார்களில் பலரும் மாற்றிக்கொள்கிறார்கள்.

ஆனால் டைனமோ ஒல்லியாக நீளமாக இருக்கும். ஆல்டர்னேட்டர் கட்டையாகக் குண்டாக இருக்கும். டைனமோவுக்குச் செய்த பிராக்கெட்டில் அது அப்படியே உட்காராது. இடைவெளிக்குச் சரியான கனத்தில் புஷ் கொடுக்க வேண்டும். மாற்றியவர்கள் அந்த புஷ்ஷைப் போடாமல், போல்ட்டை மட்டும் முறுக்கிவிட்டார்கள். ஆல்டர்னேட்டர் என்ஜின் பக்கமாகப் பின்வாங்கி நின்றது.

ஸ்கேல் வைத்தார், உண்மை தெரிந்தது

பெரியவர் முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். பிறகு பேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இருந்தால் வாட்டர் பம்ப் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம்; புல்லியும் ஆடும், பெல்ட்டும் நிற்காது. சத்தம் இருந்தாலும் ஆட்டம் இன்னும் வரவில்லை. ஆல்டர்னேட்டரை இரண்டு கையாலும் ஆட்டினார். போல்ட் இறுக்கமாகவே இருந்தது. அடுத்து ஒரு நீள இரும்பு ஸ்கேலை எடுத்து புல்லிகளின் முகத்தில் ஒட்டி வைத்தார்.

கிராங்க் புல்லியும் வாட்டர் பம்ப் புல்லியும் ஒரே கோட்டில் இருந்தன. ஆல்டர்னேட்டர் புல்லி மட்டும் பின்னால் இருந்தது. ஓரத்தின் கனம் புல்லிக்குப் புல்லி வேறுபடலாம் என்பதால், பள்ளத்தின் நடுவில் இருந்தும் அளந்தார். 4 மில்லிமீட்டர் விலகல். பட்டறைக் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இது ஒரு நூலுக்கும் மேல்!

ஒரு அடி இடைவெளிக்கு சுமார் இரண்டரை மில்லிமீட்டர் வரைதான் விலகல் தாங்கும். அதாவது முழுசாக ஒரு நூல்கூட இல்லை. இங்கே புல்லிகளுக்கு நடுவே ஒரு அடிகூட இல்லை. பிறகு பெல்ட் எப்படி நிற்கும்?

பக்கத்து லேத் பட்டறையில் 4 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு புஷ் கடைந்து வாங்கினார். வாஷர்களை அடுக்குவதைவிட ஒரே துண்டாகப் போடுவது நல்லது. அடுக்கிய வாஷர் நாளடைவில் தளரும். புஷ்ஷைப் போட்டு மறுபடியும் ஸ்கேல் வைத்தார். மூன்று புல்லியும் ஒரே கோட்டில் நின்றன.

மாட்டும் முறை

ஆல்டர்னேட்டர் போல்ட்டுகளை முழுவதும் தளர்த்தி, உள்பக்கமாகச் சாய்த்து, பெல்ட்டைக் கையாலேயே போட வேண்டும். நெம்பக்கூடாது.

பிறகு ஆல்டர்னேட்டரை வெளியே இழுத்துப் பிடித்து இறுக்க வேண்டும். கம்பு கொடுப்பதானால் முன்பக்க முகத்தில், பிராக்கெட்டுக்குப் பக்கத்தில்தான் கொடுக்க வேண்டும். பின்பக்கம் கொடுத்தால் அலுமினியக் கூடு விரிந்துவிடும்.

பெல்ட்டின் நீளமான பக்கத்தின் நடுவில் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். சுமார் அரை அங்குலம் இறங்கினால் சரி. புது பெல்ட் முதல் சில நாளில் கொஞ்சம் நீளும். நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும் பார்த்து இறுக்குங்கள்.

என்ஜினை ஓடவிட்டு புல்லிகளை எட்ட நின்று பாருங்கள். ஏதாவது ஒன்று கோணலாகச் சுற்றினால் அது வளைந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். அப்போது தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை, அவிழ்ந்த வேட்டி எதுவும் இருக்கக்கூடாது. ஓடும் பெல்ட்டுக்கு விரல் என்றும் துணி என்றும் தெரியாது.

நல்ல பெல்ட் கிடைப்பதும் கஷ்டம் இல்லை. ஜே.சி. ரோட்டில் பழைய பெல்ட்டைக் காட்டி, அதே அகலம் அதே நீளம் கேட்டு வாங்கலாம். மதுரையில் பென்னர் தொழிற்சாலை நெடுங்காலமாக வி-பெல்ட் செய்து வருகிறது. சென்னை பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். ஆல்டர்னேட்டர் செய்கிறது. நம் ஊர்க்காரர்கள் செய்த சாமான்தான் பெங்களூர் ரோட்டிலும் ஓடுகிறது.

சம்பளம் முழுசாக வந்தது

வேலை முடிந்த அன்று டிரைவர் ஒரு காரியம் செய்தார். சொந்தக்காரரைக் கூப்பிட்டு, தேய்ந்த பெல்ட்டைக் காட்டினார். ஸ்கேலை அவர் கையிலேயே கொடுத்து, புல்லிகளில் வைத்துப் பார்க்கச் சொன்னார். புஷ் இல்லாதபோது எவ்வளவு இடைவெளி இருந்தது என்றும் விளக்கினார்.

சொந்தக்காரர் குனிந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ஆனால் மாதக் கடைசியில் சம்பளம் முழுசாக வந்தது. முன்பு பிடித்திருந்த ஒரு பெல்ட்டின் காசும் அதோடு இருந்தது.

அதன் பிறகு அந்த கார் திருப்பதி போய் வந்தது. சேலம் போய் வந்தது. பெல்ட் கழலவில்லை.

டிரைவர் வேலையோ மெக்கானிக் வேலையோ பார்க்கிற நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. திரும்பத் திரும்ப ஒரே சாமான் கெட்டால், அந்தச் சாமானை மட்டும் மாற்றிக்கொண்டு இருக்காதீர்கள். அதைக் கெடுப்பது எது என்று அளந்து பாருங்கள். அளவு கையில் இருந்தால் பழி நம்மேல் விழாது. இரும்பு ஸ்கேல் ஒன்று டிக்கியில் கிடக்கட்டும்.