சுவரோரம் நிற்கும் சைட்போர்டு

ஜார்ஜ் ஹெப்பிள்வைட் என்ற லண்டன் தச்சர் 1786-இல் இறந்துபோனார். இரண்டு ஆண்டு கழித்து அவர் மனைவி ஆலிஸ், கணவர் பெயரில் மரச்சாமான் வரைபடங்களைப் பெரிய புத்தகமாக அச்சிட்டார். சாப்பாட்டு அறைச் சைட்போர்டுக்கு அதில் கொடுத்திருக்கும் விவரத்தைப் படித்தால், இது மேசையா இயந்திரமா என்று சந்தேகம் வரும். நீளம் ஐந்தரை முதல் ஏழு அடி, உயரம் மூன்றடி. வலப்பக்க இழுப்பறையில் ஒன்பது பாட்டில்களை நிறுத்தத் தடுப்புகள். இடப்பக்க இழுப்பறை இரண்டு பாகம். பின்பாகத்தில் பச்சைத் துணி ஒட்டி வெள்ளிச் சாமான்களுக்கு இடம். முன்பாகத்தில் ஈயத் தகடு அடித்து, கோப்பைகளை அலசத் தண்ணீர். அழுக்குத் தண்ணீரைத் திறந்துவிட அடியில் ஓர் அடைப்பான். நடுவில் உள்ள நீள இழுப்பறை மேசை விரிப்புகளுக்கு.

மர இழுப்பறைக்குள் தண்ணீர்த் தொட்டி எதற்கு? அன்றைய இங்கிலாந்துப் பெரிய வீடுகளில் சமையலறை வெகு தூரத்தில் இருந்தது. மதுக் கோப்பைகளையும் சாப்பாட்டு மேசையில் வைக்கும் வழக்கம் பரவலாகவில்லை. விருந்தாளி சைகை காட்டினால் பணியாள் ஓரத்திலிருந்து ஒரு கோப்பையை நிரப்பிக் கொண்டுவருவார். குடித்து முடித்ததும் வாங்கிப்போய் அலசி, அடுத்தவருக்கு நிரப்புவார். நம் பந்தியில் பரிமாறுபவர் வாளியும் கரண்டியுமாக இலை இலையாக நடப்பதால் நடுவில் ஒரு மரச்சாமானுக்கு வேலையே இல்லை. அங்கே பரிமாறும் வேலை முழுவதும் சுவரோரம் ஓரிடத்தில் குவிந்தது.

இதற்கு முந்தைய தலைமுறையில் அந்த வேலைகள் தனித்தனிச் சாமான்களில் சிதறிக் கிடந்தன. 1754-இல் தாமஸ் சிப்பன்டேல் வெளியிட்ட வடிவப் புத்தகத்தில் இருப்பவை இழுப்பறை இல்லாத வெறும் பக்கமேசைகள்தாம். 1760-களில் ராபர்ட் ஆடம் என்ற கட்டடக்கலைஞர் அந்த மேசையின் இருபுறமும் பீடங்களையும், அவற்றின் மேல் பெரிய ஜாடிகளையும் நிறுத்தினார். லீட்ஸ் நகருக்கு அருகே ஹேர்வுட் மாளிகைக்குச் சிப்பன்டேல் பட்டறை 1770-களின் தொடக்கத்தில் செய்து தந்த தொகுதி இந்த வகையில் பேர்போனது. பார்க்க அலங்காரம், உள்ளே எல்லாம் உபயோகம். இத்தகைய பீடம் ஒன்றின் உட்புறம் முழுக்கத் தகரம் அடித்து, தட்டுகளை அடுக்கக் கம்பித் தாங்கிகள் வைத்து, கீழே காய்ச்சிய இரும்பைச் செருகிவிடுவார்கள். தட்டு சூடாக இருக்கும். ஜாடியில் தண்ணீர் இருக்கும், அல்லது கத்திகள் செருகியிருக்கும். அவ்வளவு பெரிய அறை இல்லாத வீட்டுக்காரர்களுக்காக இத்தனையையும் ஒரே உடம்பில் அடக்கியதுதான் நாம் இன்று பார்க்கும் சைட்போர்டு. சில வகைகளில் பின்விளிம்பில் பித்தளைக் கம்பி ஓடும். பெரிய தட்டுகளைச் சாய்த்து வைக்கவும், சுவரில் குழம்பு தெறிக்காமல் சிறு திரை தொங்கவிடவும் அது பயன்பட்டது.

சைட்போர்டில் இன்னொரு சிற்றறையும் உண்டு. விற்பனைக் குறிப்புகளில் நாசூக்காக விட்டுவிடுவார்கள். 1784-இல் இங்கிலாந்துக்கு வந்த பிரெஞ்சுப் பிரபு பிரான்சுவா தெ லா ரோஷ்ஃபுக்கோ, சாப்பாட்டுக்குப் பின் பெண்கள் எழுந்துபோனதும் ஆண்கள் குடித்துக்கொண்டே இருப்பதையும், சைட்போர்டில் சிறுநீர்ச் சட்டிகள் தயாராக இருப்பதையும், மறைவு எதுவுமில்லாமல் அதே அறையில் காரியம் நடப்பதையும் அருவருப்போடு எழுதிவைத்திருக்கிறார். பக்கவாட்டில் சின்னதாக ஒரு கதவு இருந்தால் அதன் பூர்வீகம் இதுவாக இருக்கலாம்.

மரம் மகோகனி. நம் ஊர் விவசாயிகள் இப்போது வரப்போரம் நட்டுவைக்கும் மரத்துக்கும் அதே பெயர்தான். 1721-இல் காலனி மரங்களுக்கான இறக்குமதி வரியைப் பிரிட்டன் நீக்கியபின் ஜமைக்காவிலிருந்து மகோகனி வந்து குவிந்தது. கரீபியன் காடுகளில் அதை வெட்டி இழுத்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க அடிமைகள். அகலமான பலகை கிடைக்கும், எளிதில் வளையாது, இழைத்தால் கண்ணாடிபோல மினுங்கும். விலை கூடுதலானதால் முகப்பில் மட்டும் மெல்லிய மகோகனித் தகட்டை ஒட்டி, உள்ளே ஓக், பைன் என்று மலிவான மரத்தை வைத்தார்கள். இந்தத் தகட்டைத்தான் வெனீர் என்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பரிமாறும் முறை மாறியது. எல்லாப் பதார்த்தங்களையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பும் பிரெஞ்சு முறை போய், ஒவ்வொன்றாகக் கொண்டுவரும் ரஷ்ய முறை வந்தது. இறைச்சியைத் துண்டு போடுவது சைட்போர்டுக்கு இடம்பெயர, சாமான் பருத்தது. முதுகில் ஆளுயரக் கண்ணாடி, காலில் சிங்கம், கதவில் பழக்கொத்து. எனக்கு இந்தக் காலச் சைட்போர்டுகள் பிடிப்பதில்லை. சாப்பிட உட்கார்ந்தவரை மிரட்டுவதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். அந்த அலங்காரச் சுமையை உதறியவர் எட்வர்ட் வில்லியம் காட்வின். 1867-இல் தன் வீட்டுக்காக வடிவமைத்த சைட்போர்டை முதலில் மலிவான பைன் மரத்தில் செய்வித்தார்; அது வளைந்துபோகவே மகோகனிக்கு மாறினார். கறுப்புச் சாயம், நேர்கோடுகள், வெற்றிடங்கள், ஜப்பானியத் தாள் பதித்த கதவுகள். இந்த வடிவத்தில் ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயதைச் சொல்லாமல் காட்டினால் 1930 என்பீர்கள்.

இரண்டு உலகப் போர்களுக்குப்பின் வேலைக்காரர்கள் இல்லை, பெரிய அறையும் இல்லை. சைட்போர்டு குட்டையாகி நீண்டது. டென்மார்க்கின் ஆர்னே வோடர் தனியாகக் கைப்பிடி மாட்டாமல், இழுப்பறை விளிம்பையே விரல் நுழையும்படி குடைந்தார். இங்கிலாந்தில் ஹை விக்கம் ஊரின் கோம் நிறுவனம் 1953-இல் ஜி-பிளான் என்ற பெயரில் சாமான்களை விற்கத் தொடங்கியது. அந்தக் காலத்தின் விருப்ப மரம் தேக்கு. மரச்சட்டங்களைக் கித்தான் துணியில் வரிசையாக ஒட்டி, காடியில் ஓடவிட்ட சுருள் கதவுகளும் இக்காலத்தில் மீண்டும் பிரபலமாயின. துணி மக்கினால் கதவு சட்டம் சட்டமாக உதிரும்.

நூறு வயது தாண்டினால் ஆன்டிக், அதற்குக் கீழே விண்டேஜ் என்பது வியாபார வழக்கு. வயதைக் கண்டுபிடிக்க முகப்பைப் பார்த்துப் பயனில்லை. இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்துக் கவிழ்க்க வேண்டும். மூலையில் பலகைகள் கோத்திருக்கும் டவ்டெயில் பற்களைப் பாருங்கள். ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம், பக்கத்தில் உளிக்கு முன் கீறிய அடையாளக் கோடு என்று இருந்தால் அது கைவேலை. எல்லாம் ஒரே அளவென்றால் பெரும்பாலும் இயந்திரம். கையால் இழைத்த அடிப்பலகையில் விரலை ஓட்டினால் இழைப்புளி போன தடம் மெல்லிய அலைகளாகத் தட்டுப்படும். அரைவட்டக் கீறல்கள் தெரிந்தால் வட்ட ரம்பம், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பின். கூர்முனை திருகாணி சுமார் 1850-க்குப் பிறகுதான் பரவியது. அதற்கு முந்தையதன் முனை மழுங்கியிருக்கும். ஆனால் பழுதுபார்த்தவர் மாற்றியிருக்கலாம் என்பதால் திருகாணியை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது.

வெனீரின் கனமும் துப்புச் சொல்லும். கையால் அறுத்தது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். கத்தியால் சீவிய பிற்காலத்தது பெரும்பாலும் அதைவிட மெல்லிசு. தேக்குச் சைட்போர்டைப் பளபளப்பாக்குகிறேன் என்று எந்திர உப்புத்தாள் போட்டால், சில நிமிடங்களில் அடியில் இருக்கும் ஒட்டுப்பலகை பல்லிளிக்கும்.

பிரேசில் ரோஸ்வுட்டில் செய்த டேனிஷ் சாமான் என்றால் இன்னொரு சிக்கல். அந்த மரம் 1992 முதல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது. பழைய சாமான் என்பதற்கான சான்று இல்லாமல் எல்லை தாண்டாது.

ஹெப்பிள்வைட் காலத்து ஜார்ஜியச் சைட்போர்டில் அதிகம் நடக்கும் தில்லுமுல்லு அகலத்தில்தான். ஹெப்பிள்வைட் சொன்ன 28 முதல் 32 அங்குலம் இன்றைய அறைகளுக்கு மிக அதிகம் என்பதால், பின்பக்கத்தை அறுத்து ஒடுக்கிவிடுவார்கள். இழுப்பறையின் முன்மூலைப் பற்கள் பழையதாகவும் பின்மூலைப் பற்கள் புதிதாகவும் இருந்தால் விலையைத் தாராளமாகக் குறைத்துக் கேளுங்கள். பின்பலகையில் டிவி வயருக்குத் துளை போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம்.