குறவஞ்சி காட்டும் இரு பிரிவுகள்

முன்னுரை

இயல், இசை, நாடகம் என்னும் மூன்றும் சேர்ந்ததே முத்தமிழ். இவற்றுள் நாடகத்தை மட்டும் நாம் ஏட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. ‘குற்றாலக் குறவஞ்சி’யே இதற்குச் சான்று. தேர்வுக்காக அதன் மலைவளப் பாடல்களை மனப்பாடம் செய்கிறோம்; அது காதலையும் பிரிவையும் பொருளாகக் கொண்டு, ஆடிப் பாடி நடிப்பதற்கென்றே எழுந்த நாடகம் என்பதை மறந்துவிடுகிறோம். தென்காசி வட்டாரத்தில் பிறந்த மாணவி என்ற முறையில், நம் மண்ணின் அந்நாடகத்தைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

ஆசிரியரும் களமும்

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில் உள்ள மேலகரமே திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். 1706 முதல் 1732 வரை ஆண்ட மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர், இந்நூலுக்குப் பரிசாகக் கவிராயருக்கு நிலம் வழங்கினார். அந்நிலம் ‘குறவஞ்சி மேடு’ என்றே பெயர் பெற்றது.

நாடகம் நிகழும் களமும் பொருத்தமானதே. ஆடவல்லானுக்குரிய ஐந்து சபைகளுள் ஒன்றாகிய சித்திர சபை குற்றாலத்தில்தான் இருக்கிறது. ஆடற்கலைக்கு ஒரு சபையைத் தந்த ஊரே ஆடற்குரிய நாடகம் ஒன்றையும் தந்தது எனலாம்.

வசந்தவல்லியின் பிரிவு

கட்டியக்காரன் வந்து குற்றாலநாதரின் உலாவை அறிவிப்பதுடன் நாடகம் தொடங்குகிறது. பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி உலா வந்த இறைவனைக் கண்டு காதல் கொள்கிறாள். நிலவு சுடுகிறது, தென்றல் வருத்துகிறது. தோழியைத் தூது விடுகிறாள். கூடல் இழைத்துப் பார்க்கிறாள். அப்போது குறத்தி சிங்கி வருகிறாள். தன் மலையின் வளத்தைப் பாடி, வசந்தவல்லியின் கை பார்த்துக் குறி சொல்லி, அணிகலன்களைப் பரிசாகப் பெற்றுச் செல்கிறாள்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. தலைவனும் தலைவியும் கூடும் காட்சி நாடகத்தில் இல்லை. வசந்தவல்லிக்குக் கிடைப்பது நற்குறி மட்டுமே. தெய்வத்தின் மீது கொண்ட காதலை நம்பிக்கையோடு நிறுத்திவிட்டுக் கவிராயர் வேறொரு காதலை மேடைக்குக் கொண்டு வருகிறார்.

சிங்கனின் பிரிவு

சங்க அகப்பாடல்களில் ‘பொருள்வயிற் பிரிவு’ என்பதைப் படித்திருக்கிறோம். பொருள் தேடித் தலைவன் பிரிவான். தலைவி வீட்டிலிருந்து வருந்துவாள். குறவஞ்சியின் பிற்பகுதி இம்மரபை அப்படியே தலைகீழாக்குகிறது. ஊர் ஊராகச் சென்று தொழில் செய்து பொருள் ஈட்டுபவள் சிங்கி. பிரிவால் வருந்துபவன் அவள் கணவன் சிங்கன்.

அவன் பறவை பிடிப்பவன். நூவன் என்னும் துணைவனோடு வயல்களில் கண்ணி வைக்கிறான். ஆனால் மனம் பறவைகளில் இல்லை, சிங்கியிடம் இருக்கிறது. நூவனிடம் அவளுடைய அடையாளங்களைச் சொல்லிப் புலம்புகிறான். பிறகு அவளைத் தேடி அலைகிறான். வசந்தவல்லியின் விரகத்தைக் கேட்டு உருகியவர்கள் சிங்கனின் விரகத்தைக் கண்டு சிரிப்பார்கள். துயரம் ஒன்றுதான், அரண்மனை நடையில் சொன்னால் கண்ணீராகவும், வேடன் வாய்மொழியில் சொன்னால் நகைப்பாகவும் மாறுகிறது.

கடைசியில் சிங்கியைக் காண்கிறான். மகிழ்ச்சியோடு அச்சமும் அவனைப் பற்றிக்கொள்கிறது. காலில் கிடப்பது விரியன் பாம்போ என்று கேட்கிறான். சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள். செத்த தவளையைக் கட்டியிருக்கிறாயா என்கிறான். அது கெச்சம் என்கிறாள். விடுதியில் தோழியரோடு இப்பகுதியை வாய்விட்டுப் படித்தபோது முதலில் எல்லோரும் சிரித்தோம். பிறகு ஒருத்தி, “இவன் கேட்பது நகையைப் பற்றி அல்ல, ‘நான் இல்லாத இடத்தில் உனக்கு யார் என்ன தந்தார்கள்?’ என்றுதான் கேட்கிறான்” என்றாள். சிரிப்பு நின்றது. சிங்கியோ ஒரு கேள்விக்கும் தயங்கவில்லை. ஒவ்வொரு நகையும் தன் உழைப்பின் ஊதியம் என்று நேராகச் சொல்கிறாள். அந்த விடைகளாலேயே பிரிவு தீர்கிறது.

படிப்பு முடிந்ததும் வேலை தேடி வெளியூர் செல்லவிருக்கும் தோழியர் எங்கள் வகுப்பில் பலர். திரும்பி வரும்போது வீட்டார் அவர்களை எக்கேள்வியோடு வரவேற்பார்கள் என்பது எங்களுக்குச் சிறிய செய்தி அன்று. ஆகவே சிங்கி எனக்குப் பழங்காலத்துப் பாத்திரமாகத் தோன்றவில்லை.

மேடையில் குறவஞ்சி

குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் இந்நூலின் சுவையைப் பலரும் உணரச் செய்தார். 1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் இதனை நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார். சென்னை மேடை ஏறிய நாடகம், அது பிறந்த வட்டாரத்தின் கல்லூரி மேடைக்கு வர இயலாதா?

முடிவுரை

பெரிய அரங்கமோ மிகுந்த பொருட்செலவோ இதற்குத் தேவையில்லை. கட்டியக்காரன், வசந்தவல்லி, தோழி, சிங்கி, சிங்கன், நூவன் என ஆறு பேரும், பாடத் தெரிந்த சிலரும் போதும். வரும் கல்லூரி நாள் விழாவில் சிங்கன், சிங்கி உரையாடலையாவது நடித்துக் காட்ட நம் தமிழ் மன்றம் முன்வர வேண்டும். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்ட வேண்டும். சிங்கி வேடம் ஏற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.